தளம் உலரட்டும்

வீடு கட்டுகிறவர்கள் சுவருக்கு எந்த வண்ணம் பூசுவது என்று ஒரு வாரம் ஆலோசிக்கிறார்கள். வாசற்கதவுக்கு எந்த மரம் ஏற்றது என்று ஒரு மாதம் விசாரிக்கிறார்கள். தரையைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும், கடையில் அடுக்கியிருக்கும் மாதிரிகளுள் கண்ணுக்கு இனியது ஒன்றைச் சுட்டிக் காட்டிவிட்டு, மற்றவற்றைக் கொத்தனாரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். ஓராண்டு கழிகிறது. அழகிய அத்தரையில் ஓரிடத்தில் ஓட்டைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கிறது. மற்றோரிடத்தில் வினைல் விரிப்பு கொப்புளித்து நிற்கிறது. மரப்பலகை ஓரம் உயர்ந்து காலில் இடறுகிறது. உடனே ஓட்டைப் பழிக்கிறோம், பசையைப் பழிக்கிறோம், போட்டவனைப் பழிக்கிறோம். ஆனால் குற்றம் பெரும்பாலும் இருப்பது நம் கண்ணுக்குப் புலப்படாமல் அடியில் கிடக்கும் கான்கிரீட்டில்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஜல்லியும் மணலும் சிமெண்டும் கலந்து போடும் கான்கிரீட்டை இங்கே ‘தளம்’ என்போம். அதன்மேல் இடும் கல், ஓடு, மொசைக், வினைல், மரம், கம்பளம் ஆகிய அனைத்தையும் ‘போர்வை’ என்போம். தளம் ஒன்றே, போர்வைகள் பல. ஒவ்வொரு போர்வையும் தன் அடியில் உள்ள தளத்தினிடம் வெவ்வேறு தகுதியை எதிர்பார்க்கிறது. அத்தகுதிகள் யாவை, அவற்றைச் சோதித்து அறிவது எங்ஙனம், குறை இருப்பின் நீக்குவது எவ்வாறு என்பவற்றை, ஹைதராபாத் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

ஹைதராபாத் கல்தரைக்குப் பேர்போன ஊர். நகருக்கு மேற்கே, தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் தாண்டூர் இருக்கிறது. அதற்கும் அப்பால் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் ஷாஹாபாத் இருக்கிறது. இவ்விரண்டு ஊர்களிலும் சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் ஏடு ஏடாகப் படிந்து கிடக்கிறது. பலகை பலகையாகப் பெயர்த்து எடுக்கலாம். 1956இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோதுதான் ஷாஹாபாத் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. அதுவரை அதுவும் ஹைதராபாத் இராஜ்யத்தைச் சேர்ந்த ஊரே. வாடிக்கும் செகந்தராபாத்துக்கும் இடையே 1874இல் திறக்கப்பட்ட ரயில்பாதை தாண்டூர் வழியாகவே செல்கிறது. ஆகவே சாம்பல் நீலமும் இளமஞ்சளும் ஆன இக்கற்கள் நகரத்து வீடுகள், பள்ளிகள், அலுவலகங்கள், நடைபாதைகள் எங்கும் பரவியதில் வியப்பில்லை. இவ்வூர் மக்கள் வாயில் ‘ஷாபாத்’ என்று குறுகி வழங்கும் கல் இதுவே.

அப்பழைய கல்தரையில் கவனிக்கத் தக்க ஒரு குணம் உண்டு. அது பொறுமை மிக்கது. சரளை மண்ணைக் கெட்டித்து, அதன்மேல் சுண்ணாம்புக் காரை பரப்பி, கற்களைப் பதித்தார்கள். அடியிலிருந்து ஈரம் ஏறினால், கற்களுக்கு இடையே உள்ள சுண்ணாம்புச் சந்துகளின் வழியே அது மெல்ல வெளியேறி ஆவியாகிவிடும். ஒட்டும் பசை என்று ஒன்று இல்லாமையால் கரைந்து போவதற்கும் ஒன்றுமில்லை. தளம் சற்று மேடுபள்ளமாக இருப்பினும், காரையைக் கூட்டியோ குறைத்தோ கல்லை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். சுருங்கச் சொன்னால், கீழே நேர்ந்த பிழைகளைக் கல்தரை மன்னித்துவிடும்.

இன்று அடுக்குமாடி வீடுகளில் விரும்பி இடப்படும் போர்வைகளோ மன்னிக்கும் இயல்பு உடையன அல்ல. வினைல் விரிப்பு நீராவியை மேலே விடாது. மரப்பலகை ஈரத்தை உண்டு பருக்கும். மெருகேற்றிய பெரிய ஓடு தன் அடியில் ஓர் அரிசி அளவு மேட்டையும் பொறுக்காது. போர்வை மாறிவிட்டது, தளத்தைப் பக்குவம் செய்யும் முறை மட்டும் கல்தரைக் காலத்திலேயே நின்றுவிட்டது. இன்று நாம் காணும் தரைக்கேடுகளில் பெரும்பகுதிக்கு இதுவே காரணம் எனலாம்.

தளத்தின் முதற் பகை நீர். கான்கிரீட்டுக்கு உயிர் கொடுப்பதும் நீர்தான். போர்வையைக் கெடுப்பதும் அதே நீர்தான். இதைச் சிறிது விளக்க வேண்டும். 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்குக் கலவையில் ஏறத்தாழ 25 லிட்டர் நீர் சேர்ப்பதாகக் கொள்வோம். அதில் சுமார் 12 லிட்டரைத்தான் சிமெண்டு இரசாயன முறையில் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. எஞ்சிய நீர், கலவை குழைவாக இருந்து சந்து பொந்துகளில் இறங்குவதற்கு உதவியது; அவ்வேலை முடிந்ததும் நுண்ணிய துளைகளில் தங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி அங்கேயே நிலைக்கும். மீந்தது ஆவியாகி வெளியேறியே தீர வேண்டும்.

இங்கே பலரும் இரண்டு செயல்களை ஒன்றெனக் கருதி மயங்குகின்றனர். பதப்படுத்துதல் வேறு; உலர்தல் வேறு. கான்கிரீட் இறுகும்பொருட்டு அதை நனைத்துக் காப்பது பதப்படுத்துதல். சாதாரண சிமெண்டாயின் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயினும் வறண்ட வெப்ப காலமாயினும் குறைந்தது 10 நாட்களும் ஈரம் காக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரவிதி கூறுகிறது. 28 நாட்களில் கான்கிரீட் உரிய வலிமை பெறுகிறது. ஆனால் வலிமை பெற்ற கான்கிரீட் உலர்ந்த கான்கிரீட் அன்று. உலரும் கணக்கு, நீரூற்றுவதை நிறுத்திய நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

உலர்வதற்கு எத்தனை நாள் வேண்டும்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. நான்கு அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம் என்று ஆகிறது. இது தோராயமே. மேலும் கீழும் காற்றுப்படும் மாடித் தளம் சற்று விரைவில் உலரும். ஒருபக்கம் மட்டுமே காற்றுப்படும் தரைத்தளம் தாமதிக்கும். காற்றிலேயே ஈரம் மிகுந்திருந்தால் கணக்கு நின்றுவிடும். மழைநீர் விழுந்தால் பின்னோக்கியும் செல்லும்.

ஹைதராபாத்தின் பருவங்களோடு இதைப் பொருத்திப் பார்ப்போம். இந்நகரம் தக்காண பீடபூமியில், கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபரிலும் மழை எட்டிப் பார்க்கும். ஜூலையில் தளம் போட்டவர், மாத இறுதியில் பதப்படுத்தி முடித்து, ஆகஸ்டிலிருந்து நான்கு மாதம் எண்ணி, நவம்பர் முடிவில் மரத்தரை போடலாம் என்று கருதுவார். ஆனால் அக்டோபர் வரை காற்றே ஈரமாக இருந்தமையால் அவருடைய தளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். டிசம்பரில் தளம் போட்டவரோ ஜனவரியில் எண்ணத் தொடங்கி, வறண்ட மாதங்கள் நான்கையும் முழுமையாகப் பெற்று, மழைக்கு முன்னரே வேலையை முடிப்பார். இருவர் செய்த செலவும் ஒன்றே. ஆனால் பலன் வேறு.

கோடையிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. ஏப்ரல், மே மாதத்து வறண்ட காற்றில் தளத்தின் மேற்பரப்பு வெளுத்து நன்கு காய்ந்ததுபோல் தோன்றும். தொட்டால் கைக்கு ஈரம் தெரியாது. அடியிலோ ஈரம் தங்கியிருக்கும். அதன்மேல் வினைலை ஒட்டினால் மேல்வழி அடைபடுகிறது. அடி ஈரம் மெல்ல மேலேறித் தளம் முழுவதும் சமமாகப் பரவுகிறது. வரும்போது சிமெண்டின் காரத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அக்காரநீர் பசையைக் குழம்பாக்குகிறது. ஒட்டிய நாளில் உலர்ந்திருந்த தரை, ஆறு மாதம் கழித்துக் கொப்புளிப்பதன் இரகசியம் இதுதான்.

தரைத்தளத்துக்கு மற்றொரு நீர்வழியும் உண்டு; அது மண். ஹைதராபாத் நகரின் பெரும்பகுதி கருங்கற்பாறையின்மேல் அமைந்தது. அப்பாறை சிதைந்து உண்டான செஞ்சரளையை இவ்வூரார் ‘மொரம்’ என்று வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் இதைக் கிராவல் என்போம். இது நல்ல நிரப்பு மண். ஆறு அங்குல அடுக்குகளாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசு போட்டுக் கெட்டித்தால் அமுங்காது. கரிசல் மண் காணப்படும் இடங்களில் நிலை வேறு. கரிசல் நீர் பட்டால் பருக்கும், காய்ந்தால் வெடிக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு மொரம் நிரப்பாமல் தளம் போட்டால், மேலே எத்தனை விலையுயர்ந்த போர்வை இட்டாலும் பிளக்கும்.

நகரைச் சுற்றிலும் ஏரிகள் பல. அவற்றை அடுத்த இடங்களில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும். அங்கே தளத்துக்கு அடியில் கால் மில்லிமீட்டர் கனமுள்ள பாலிதீன் தாளை ஈரத்தடையாக விரிக்க வேண்டும். ஒரு தாளின் ஓரம் மற்றொன்றின்மேல் ஒரு சாண் அளவு படிந்து, நாடாவால் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இவ்வீரத்தடை இல்லாத தரைத்தளம் எத்தனை ஆண்டு காத்திருப்பினும் முற்றிலும் உலராது. மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஹைதராபாத்தின் ஏரிக்கரைக் குடியிருப்புகள் பல நீரில் மூழ்கின. அவ்வாறு மூழ்கிய தளம், அது எத்தனை பழையதாயினும், புதிய தளத்துக்குச் சமானம். மறுபடியும் உலர்த்தி, மறுபடியும் சோதித்த பின்னரே போர்வை இடத் தக்கது.

தளம் உலர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? சுலபமான வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு கண்ணாடிப் பாலிதீன் தாளை வெட்டித் தளத்தின்மேல் பரப்பி, நான்கு ஓரங்களையும் நாடாவால் காற்றுப் புகாதபடி ஒட்டிவிட வேண்டும். வெயில் நேரே படாத இடமாக இருத்தல் நலம். குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைத்துப் பார்த்தால், தாளின் அடியில் நீர்த்துளி பூத்திருக்கலாம். அல்லது கான்கிரீட் கறுத்திருக்கலாம். அப்படியாயின் தளம் ஈரமானது என்பது உறுதி. ஒன்றும் இல்லையாயினும் உலர்ந்துவிட்டது என்று முடிவுகட்டலாகாது. மேற்பரப்பில் ஈரம் இல்லை என்றே பொருள். இச்சோதனை குற்றத்தைக் காட்டும். குணத்துக்குச் சான்று கூறாது.

நம்பத் தக்க சோதனை, தளத்தின் உள்ளே சென்று அளப்பதாகும். ஒருபக்கம் மட்டும் உலரும் தளத்தில் அதன் கனத்தில் 40 விழுக்காடு ஆழத்துக்கும், இருபக்கமும் உலரும் தளத்தில் 20 விழுக்காடு ஆழத்துக்கும் துளையிட்டு, அதனுள் ஈரமானியைச் செருகி, துளைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தைக் காண்பார்கள். நான்கு அங்குலத் தரைத்தளத்துக்கு ஆழம் 40 மில்லிமீட்டர். ஏன் இந்த ஆழம்? போர்வை இட்டபின் ஈரம் சமமாகப் பரவும்போது மேற்பரப்பு எந்த நிலையை அடையுமோ, அந்த நிலையை இந்த ஆழம் இன்றே காட்டிவிடுகிறது. வினைல், மரம் ஆகியவற்றுக்கு உரிய பசைகள் பெரும்பாலும் 75 முதல் 85 விழுக்காடு வரை தாங்கும். துல்லியமான எல்லையைப் பசை டப்பாவின்மேல் அல்லது அதனுடன் வரும் தாளில் உற்பத்தியாளர் குறித்திருப்பார். அதைப் படிக்காமல் டப்பாவைத் திறக்கலாகாது.

காரத்தையும் சோதிக்க வேண்டும். புதிய கான்கிரீட்டின் கார அளவு 12க்கு மேல் இருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு படப்பட மேற்பரப்பில் அது ஏறத்தாழ 9க்கு இறங்கும். தளத்தின்மேல் சில துளி வாலை நீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து, மருந்துக் கடைகளிலும் இரசாயனப் பொருட்கடைகளிலும் கிடைக்கும் நிறம் மாறும் தாளைத் தோய்த்தால் அளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது பகை அழுக்கு. கான்கிரீட்டைப் பூசி மட்டம் செய்யும்போது நீரும் மிக நுண்ணிய சிமெண்டும் மேலே மிதந்து படிவதுண்டு. இதைச் சிமெண்டுப் பால் என்போம். காய்ந்ததும் இது வலுவற்ற ஏடாக நிற்கும். ஆணியால் கீறினால் மாவு உதிரும். இந்த ஏட்டின்மேல் எதை ஒட்டினாலும் ஏட்டோடு பெயர்ந்து வந்துவிடும். இதைத் தேய்த்து நீக்க வேண்டும். சுவர் பூசும்போது சிந்திய சாந்து, வண்ணம், எண்ணெய், மெழுகு யாவும் அவ்வாறே நீக்கத் தக்கன. ஒரு துளி நீரைத் தளத்தின்மேல் விட்டுப் பாருங்கள். ஓரிரண்டு நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் தளத்தின் துளைகள் திறந்திருக்கின்றன. முத்துப்போல் நின்றால் அங்கே எண்ணெயோ மெழுகோ வேறு ஏதோ ஒரு படலமோ இருக்கிறது என்று அறியலாம். அமிலம் ஊற்றிக் கழுவும் வழக்கம் நன்றன்று. அது உப்பை விட்டுச் செல்லும், நீரையும் மீண்டும் உள்ளே செலுத்தும்.

மூன்றாவது பகை மேடுபள்ளம். இங்கே மட்டம் வேறு, சமம் வேறு என்பதை உணர வேண்டும். குளியலறைத் தளம் நீர் வடியும்பொருட்டுச் சாய்ந்திருக்கும். மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செண்டிமீட்டர் வாட்டம் கொடுப்பார்கள். அது மட்டமன்று, எனினும் சமமாக இருக்கலாம். போர்வைக்கு வேண்டியது சமம். மூன்று மீட்டர் நீளமுள்ள கோணாத மட்டப்பலகையைத் தளத்தின்மேல் எல்லாத் திசையிலும் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை அளக்க வேண்டும். மெல்லிய பசையில் ஒட்டும் பெரிய ஓட்டுக்கும், வினைலுக்கும், மரத்துக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. மெல்லிய பசையில் ஒட்டும் சிறிய ஓட்டுக்கு 6 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம். கனத்த சாந்தில் பதிக்கும் கல்லுக்கு இவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை.

வெடிப்புகளையும் பகுத்து அறிய வேண்டும். கான்கிரீட் காயும்போது தோன்றி, பின் அசையாமல் நிற்கும் மயிரிழை வெடிப்பை நிரப்பி மூடலாம். கட்டடம் விரிந்து சுருங்குவதற்கென்றே விடப்பட்ட இடைவெளியை மூடலாகாது. அதே இடைவெளியைப் போர்வையிலும் அதே இடத்தில் தொடர வேண்டும். மூடி மறைத்தால் கட்டடம் தன் வழியைத் தானே பிளந்துகொள்ளும்.

இனி ஒவ்வொரு போர்வைக்கும் உரிய பக்குவத்தைத் தனித்தனியே காண்போம்.

தாண்டூர், ஷாஹாபாத், கடப்பை, கருங்கல், சலவைக்கல் ஆகியன சாந்தில் பதிக்கப்படுவன. இவற்றுக்குத் தளம் சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். தளத்தைப் பெருக்கிக் கழுவி, நீர் தேங்காமல் ஈரமாக மட்டும் வைத்து, சிமெண்டுக் குழம்பு தெளித்து, சாந்து பரப்பிக் கல்லை அமர்த்தி, மரச்சுத்தியால் தட்டி மட்டம் செய்வார்கள். ஈரத்தால் கல் பெயராது. ஆயினும் உப்புப் பூக்கும். வெள்ளைச் சலவைக்கல் கறைபடும். ஆகவே பதித்து முடித்த கல்லை உடனே மெழுகிட்டு மூடாமல், அடி ஈரம் வெளியேறச் சில வாரங்கள் விட வேண்டும்.

மெருகேற்றிய கெட்டி ஓடு தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். வெறும் சிமெண்டுப் பால் அதன் முதுகைப் பற்றாது. இதற்கெனச் செய்த ஒட்டுச் சாந்தைப் பல் கரணையால் முழுமையாகப் பரப்ப வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து ஓட்டை அமுக்குவது கூடாது. மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. தளம் உலர உலரச் சுருங்குகிறது, ஓடோ சுருங்குவதில்லை. வெப்பத்தில் விரியவும் செய்கிறது. சுவரோரத்தில் இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்தால், ஒருநாள் ஓசையுடன் ஓடுகள் கூடாரம்போல் எழும்பி நிற்கும். குடியிருப்போர் பூகம்பமோ என்று அஞ்சுவர். சுவரோரத்தில் விரலளவு இடைவெளி விட்டு, அதைச் சுவரடிப் பலகை கொண்டு மறைத்திருந்தால் இது நேர்ந்திராது. பழைய மொசைக் அல்லது சிவப்புத் தரையின்மேல் ஓடு ஒட்ட விரும்புவோர், முதலில் நாணயத்தால் தட்டி வெற்றொலி எழும் இடங்களைப் பெயர்த்தெடுக்க வேண்டும். பின் மெழுகை நீக்கிச் சொரசொரப்பாக்க வேண்டும்.

வினைலும் லினோலியமும் மெல்லியன. அடியில் ஒரு மணல் பரல் இருந்தாலும் மேலே தெரியும். கல்லுக்கு வேண்டிய சொரசொரப்பு இவற்றுக்கு ஆகாது. மணிபோல் வழவழப்பான பரப்பு வேண்டும். பள்ளங்களைச் சிமெண்டு சார்ந்த நிரப்புக் கலவையால் அடைக்கலாம். சுவர்ப் பட்டியோ ஜிப்சமோ கொண்டு அடைப்பது பெருந்தவறு. ஈரம் பட்டால் அவை மாவாகிவிடும். தளம் முழுவதும் ஏற்றத்தாழ்வாக இருப்பின், தானே பரவி மட்டமாகும் கலவையை ஊற்றலாம். அதற்குமுன் முதற்பூச்சு இட வேண்டும். இல்லையேல் தளம் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ள, கலவை குமிழியிட்டுப் பெயரும். இப்புதிய அடுக்கும் தன் பங்குக்கு உலர வேண்டும் என்பதை மறக்கலாகாது.

மரத்தரை உயிருள்ள பொருள்போல் நடந்துகொள்ளும். மழைக்காலத்தில் பருக்கும், கோடையில் சுருங்கும். பலகைகளைக் கட்டவிழ்த்து, போடப்போகும் அறையிலேயே சில நாட்கள் வைத்து, அவ்விடத்துக் காற்றுக்குப் பழக்க வேண்டும். தளத்தின்மேல் பாலிதீன் தாள் விரித்து, மேலே மெல்லிய மெத்தைத் தாள் இட்டு, சுவரைச் சுற்றிலும் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பலகைகளைக் கோக்க வேண்டும். கம்பளத்துக்குச் சமம் அத்தனை முக்கியமன்று. ஆனால் ஈரத் தளத்தின்மேல் இட்ட கம்பளம் பூஞ்சைக்கு வீடாகும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யும்.

ஹைதராபாத்துக்கு உரிய மற்றொரு போர்வை எபாக்சிப் பூச்சு. 1961இல் நிறுவப்பெற்ற இந்திய மருந்துத் தொழில் நிறுவனம் நகரின் பாலாநகரில் ஆலை அமைத்தது முதல், மருந்து செய்தல் இந்நகரின் தலையாய தொழில்களுள் ஒன்றாயிற்று. மருந்தறைத் தரையில் சந்து இருத்தலாகாது, தூசி எழலாகாது. ஆகவே இன்றைய மருந்தாலைகளில் சந்தில்லாத எபாக்சிப் பூச்சை விரும்பி இடுகின்றனர். இதற்குத் தளம் குறைந்தது 28 நாள் முதிர்ந்திருக்க வேண்டும், உலர்ந்துமிருக்க வேண்டும். மேலேட்டை எஃகுக் குண்டுகளை வீசும் இயந்திரத்தால் சுரண்டி, உப்புத்தாள் போன்ற சொரசொரப்பைக் கொண்டுவர வேண்டும். அடியில் ஈரம் இருப்பின், அதன் அழுத்தமே பூச்சைக் கொப்புளமாக உயர்த்திவிடும்.

வேலைகளின் வரிசையும் முக்கியம். ஓர் அறையில் கல்லுக்கு மெருகேற்றும் இயந்திரம் நீரைக் கொட்டிக்கொண்டு சுழல, அடுத்த அறையில் மரத்தரை போடுகிறார்கள். மூன்று மாதம் காத்திருந்து உலர்த்திய தளம் ஒரே மாலையில் நனைந்துவிடுகிறது. நீர் வேண்டும் வேலைகள் யாவும் முடிந்து, கதவு சன்னல் பொருத்தி, மழை உள்ளே வராது என்று உறுதியான பின்னரே ஈரம் பொறாத போர்வைகளைக் கொண்டுவர வேண்டும்.

இத்துறையில் போர்வையைவிட மேலான ஒன்று பணயமாக இருக்கிறது. அது தொழிலாளியின் நுரையீரல். கான்கிரீட்டையும் கல்லையும் உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசியில் படிகமணல் துகள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அத்துகள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். அந்நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. வாயில் கட்டிய கைக்குட்டை அத்துகளைத் தடுக்காது. தூசி உறிஞ்சும் கருவி பொருத்திய இயந்திரத்தையே பயன்படுத்த வேண்டும். அல்லது நீர் தெளித்துத் தேய்த்து, பின் தளத்தை உலர்த்த வேண்டும். உரிய முகமூடியும் அளிக்க வேண்டும். பழைய கட்டடங்களில் ஒட்டிய சில வினைல் ஓடுகளில் கல்நார் கலந்திருக்கும். அத்தகைய ஓட்டைத் தேய்ப்பதும் உடைப்பதும் ஆபத்து. அசைக்காமல் அதன்மேலேயே புதிய போர்வை இடுதல், அல்லது அறிந்தவரைக் கொண்டு அகற்றுதல் தக்கது. வீட்டுக்காரர் கூலி பேசும்போதே இவற்றையும் பேசுதல் கடமை.

நடுத்தரக் குடும்பம் ஒன்று வாழ்நாளில் ஒருமுறைதான் வீடு வாங்குகிறது. சாவி கைக்கு வந்ததும் ஒருபக்கம் வாடகை, மற்றொருபக்கம் கடன் தவணை என்று இரண்டும் நெருக்குகின்றன. சீக்கிரம் குடிபுக வேண்டும் என்னும் அவசரம் இயல்பானதே. ஆனால் அந்த அவசரத்தில் ஈரத் தளத்தின்மேல் இட்ட போர்வையைப் பெயர்த்து எடுத்து மறுபடி போடும் செலவு, இரண்டு மாத வாடகையைவிடப் பன்மடங்கு அதிகமாகும். காத்திருக்க முடியாதவர்க்கும் வழி உண்டு. ஈரத்தைப் பொறுக்கும் கல்லையோ ஓட்டையோ தேர்ந்தெடுக்கலாம். மரமும் வினைலும்தான் வேண்டும் என்றால், வெறும் கான்கிரீட்டின்மேல் பாய் விரித்து ஒரு கோடையைக் கழித்துவிட்டு, பின்னர் இட்டுக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் எழுதும்போது நான்கு வரிகளைச் சேர்த்துக் கொள்ளுங்கள். தளத்தை யார் சோதிப்பது. எந்த முறையில் சோதிப்பது. அளவு எவ்வளவுக்குள் இருக்க வேண்டும். மிகுந்திருந்தால் காத்திருக்கும் நாட்களுக்கு யார் பொறுப்பு. இந்நான்கும் எழுத்தில் இருந்தால் பின்னர் பசைக்காரர் கொத்தனாரையும், கொத்தனார் பசைக்காரரையும் சுட்டும் நிலை வராது.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். தரைக்கு அந்தச் சுவர் தளமே. அதற்கு வேண்டுவன உலர்வு, தூய்மை, சமம் ஆகிய மூன்று. பின்னிரண்டையும் பணம் கொடுத்து ஒரே வாரத்தில் பெற்றுவிடலாம். முதலாவதைக் காலம் ஒன்றே தரும். அதற்கு நாம் கொடுக்கும் விலை பொறுமை. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்னும் பழமொழி சோற்றுக்கு மட்டும் உரியதன்று, கான்கிரீட்டுக்கும் உரியது.